மஞ்சள் மூடியும் முத்திரை போட்ட தண்ணீரும்: புரூக்ளின் நாட்குறிப்பு

புதன், பரோ பார்க்

வரும் திங்கட்கிழமை பொழுது சாய்ந்ததும் யூதர்களின் பெசாக் பண்டிகை தொடங்குகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில், யூதர்கள் நிறைந்த பரோ பார்க் பகுதியின் 13-ஆவது அவென்யூ நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. தள்ளுவண்டியில் ஒன்று, வண்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று என்று பிள்ளைகளோடு அம்மாக்கள், கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஆண்கள், எல்லார் கையிலும் கனத்த பைகள். நான் நுழைந்த சூப்பர்மார்க்கெட்டில் பாதி அலமாரிகளை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டார்கள். ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா, பீர் எல்லாம் தாளுக்குப் பின்னால் போய்விட்டது. இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள் கொண்டாடும் இந்தப் பண்டிகையில் கோதுமை, பார்லி முதலான ஐந்து தானியங்களில் புளித்தது எதையும் யூதர்கள் சாப்பிடக் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. அப்படிப் புளித்ததை ஹாமேட்ஸ் என்கிறார்கள். மறைக்காத பக்கத்தில் இரண்டு லிட்டர் கோக்கா கோலா பாட்டில்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, வழக்கமான சிவப்பு மூடிக்குப் பதில் மஞ்சள் மூடியோடு.

நான் நீலகிரியில் இன்ஸ்டன்ட் டீத்தூளும் தேயிலைச் சாறும் தயாரிக்கிற ஒரு ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அமெரிக்காவுக்குப் போகிற சரக்குக்கு கோஷர் சான்றிதழ், அதாவது யூத மதச் சட்டப்படி உண்ணக் குடிக்கத் தக்கது என்ற சான்றும் அதற்கான முத்திரையும், கேட்பார்கள், அதற்காக வருஷா வருஷம் ஒரு ரப்பி, யூத மதகுரு, மலையேறி வந்து பாய்லரிலிருந்து பேக்கிங் வரை பார்த்துவிட்டுப் போவார். அப்படி பல வருஷம் வந்தவர் இப்போது ஓய்வு பெற்று இங்கே பரோ பார்க்கில் இருக்கிறார். மகள் படிக்கிற கல்லூரிக்காக நான் நியூயார்க் வருவது தெரிந்ததும், பெசாக்குக்கு முந்தின வாரம் வாருங்கள், கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம் என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தது ஒன்றுதான். தினமும் குடிக்கிற தண்ணீர், டீ, காபி, பால், சோடா, பீர் இதற்கெல்லாம் நிஜமாகவே ஒரு முத்திரை வேண்டுமா?

பெரியவர் நேராக மஞ்சள் மூடியிடம் கூட்டிக்கொண்டு போனார். இது 1930-களில் அட்லாண்டாவில் தொடங்கிய கதை. கோக்கா கோலாவின் சொந்த ஊர் அது. அங்கே ஷியரித் இஸ்ரேல் என்ற ஜெப ஆலயத்தில் லிதுவேனியாவிலிருந்து வந்த தோபியாஸ் கெஃபென் என்பவர் ரப்பியாக இருந்தார். கோக் குடிக்கலாமா என்று மற்ற ஊர் ரப்பிகள் அவருக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கம்பெனியும், வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதியை வாங்கிக்கொண்டு, தன் ரகசியச் சேர்மானப் பட்டியலை அவரிடம் காட்டியது. அதில் இருந்த கிளிசரின் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்தது. மாடு யூதர்கள் சாப்பிடும் பிராணிதான், ஆனால் முறைப்படி அறுத்திருக்க வேண்டும். அளவு என்று பார்த்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். தெரியாமல் கலந்தது அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் பொதுவாக அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. கெஃபென் அந்த வழியாகப் போகவில்லை. தெரிந்தே, வேண்டுமென்றே, ஒவ்வொரு முறையும் சேர்ப்பதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். கம்பெனி தாவர எண்ணெய் கிளிசரினுக்கு மாறியது. பெசாக்குக்கு இன்னொரு தடை இருந்தது, மிகச் சிறிய அளவில் தானிய ஆல்கஹால். அதற்கும் மாற்று கிடைத்தது. 1935-ல் அவர் தீர்ப்பு எழுதினார்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. இந்தப் பானம் ஏற்கெனவே எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது, பெரும்பாலான யூதர்களைக் குடிக்காதே என்று தடுப்பது நடக்காத காரியம், அதனால்தான் இதை அனுமதிக்க ஒரு வழியைக் கஷ்டப்பட்டுத் தேடினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஜனங்கள் குடிப்பதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமல், ஆலைக்குள் போய்ப் பொருளையே மாற்றவைத்த மனிதர். இன்று உலகம் முழுக்க நடக்கிற கோஷர் வேலைக்கு அதுதான் வழிகாட்டியாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மஞ்சள் மூடி? 1980-களில் அமெரிக்காவில் கோக் கரும்பு, பீட் சர்க்கரையை விட்டுவிட்டு மக்காச்சோளச் சர்க்கரைப் பாகுக்கு மாறியது. ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் பெசாக்கில் மக்காச்சோளம், அரிசி, பருப்பு வகைகளையும் தொடமாட்டார்கள். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு வழி வந்தவர்களில் நிறையப் பேருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் வருஷத்தில் சில வாரம் மட்டும் சாதாரண சர்க்கரை போட்ட கோக் வருகிறது, அடையாளத்துக்கு மஞ்சள் மூடி. யூதர் அல்லாதவர்களும் ருசிக்காக இதைத் தேடி வாங்கிப் பதுக்குகிறார்கள்.

வியாழன், லோயர் ஈஸ்ட் சைடு

காலையில் மன்ஹாட்டன். ஈஸ்ட் பிராட்வேயில் இப்போது பெரும்பாலும் சீனக் கடைகள், நடுவே மெசிவ்தா திஃபெரெத் ஜெருசலேம் என்ற பழைய வேதபாடசாலை. 1986-ல் இறந்த ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் இருந்த இடம். அமெரிக்காவில் ஒரு யூதக் குடும்பம் சாதாரணக் கடையில் பால் வாங்கிக் குடிக்கிறது என்றால் பெரும்பாலும் இவர் கொடுத்த தைரியம்தான்.

பழைய விதி, யூதர்களின் பழங்காலச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. யூதர் ஒருவர் பார்க்காமல் வேற்றார் கறந்த பாலைக் குடிக்கக் கூடாது. ஒட்டகம், குதிரை, பன்றி போன்ற ஆகாத பிராணியின் பாலைக் கலந்துவிடுவார்களோ என்ற பயம். ஃபைன்ஸ்டைன் சொன்னது இதுதான்: அமெரிக்காவில் பசும்பால் என்று விற்பதில் வேறு பால் கலந்தால் அரசாங்கம் பிடிக்கும், அபராதம் போடும், கம்பெனிக்கு அந்தப் பயம் உண்டு, ஆகவே உள்ளே இருப்பது பசும்பால்தான் என்று நமக்கு உறுதியாகத் தெரியும், உறுதியாகத் தெரிவது கண்ணால் பார்த்ததற்குச் சமம். ஆனால் மனசாட்சிக்கு இன்னும் கடுமையாக இருக்க நினைப்பவர் இருந்துகொள்ளட்டும் என்றும் சொல்லி வைத்தார். பரோ பார்க்கில் பாதிக்கு மேல் அந்த இரண்டாவது வகைதான் என்று பெரியவர் சொல்கிறார். அங்கே கறவையிலிருந்தே யூதர் மேற்பார்வை உள்ள பால்தான் ஓடுகிறது, விலையும் கூடுதல்.

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. முத்திரை இல்லாமலேயே முத்திரையின் வேலையை இன்னொன்று செய்ய முடியும் என்று அந்த மனிதர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஆலையில் வைத்திருக்கும் பதிவேடுகள், அரசு ஆய்வு, அபராதப் பயம், இதெல்லாம் ஒரு வகைக் கண் என்று மதச் சட்டத்தின் மொழியிலேயே சொன்னால், என் மாதிரி ஆட்களுடைய வேலைக்குக் கிடைத்த மரியாதை அது.

பக்கத்தில் ஒரு கடையில் எக் கிரீம் குடித்தேன். முட்டையும் இல்லை, கிரீமும் இல்லை, பாலும் சாக்லேட் சிரப்பும் சோடாவும்தான். பெரியவர் குடிக்கவில்லை, கடைக்கு கோஷர் மேற்பார்வை இல்லை. தனக்கு வெறும் சோடா பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டார். தண்ணீரும் காற்றும் மட்டும் உள்ள சோடாவுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை, எலுமிச்சை வாசனை சேர்த்ததும் கதை மாறிவிடும். அந்தக் கதையை நாளைக்கு எழுதுகிறேன்.

அப்புறம் தண்ணீர். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. 2004-ல் நியூயார்க் குழாய்த் தண்ணீரில் கோபிபாட் என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி மிதப்பது யூதர்களிடையே பெரிய பேச்சாகிவிட்டது. இறால், நண்டு வகையறாவின் தூரத்துச் சொந்தம், ஒரு மில்லிமீட்டர் அளவு, கொசுப்புழுவைத் தின்னும், உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில், டெலவேர் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வடிகட்டாமலே, கிருமி மட்டும் நீக்கி வருகிறது. அதனால்தான் ருசி நன்றாக இருக்கிறது, அதனால்தான் பூச்சியும் தப்பி வருகிறது. செதிளும் துடுப்பும் இல்லாத நீர்ப்பிராணி ஆகாது என்பது வேதச் சட்டம். ஆனால் கிணறு, தொட்டி போன்ற ஓடாத நீரில் தானாக உண்டாவதற்கு விலக்கு உண்டு. அப்படியானால் நீர்த்தேக்கம் ஓடுகிற நீரா, நிற்கிற நீரா? குழாய்க்குள் வந்தபிறகு என்ன? வெறும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் தடை, ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது, ஆனால் பூச்சி என்று தெரியவில்லை, இது தெரிவதா தெரியாததா? பெரிய பெரிய ரப்பிகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். கடைசியில் மேற்பார்வையில் உள்ள உணவகங்கள் நிறைய வடிகட்டி மாட்டிக்கொண்டன, பரோ பார்க் வீடுகளில் சமையலறைக் குழாயில் ஒரு குப்பி தொங்குவது சாதாரணமாகிவிட்டது.

சிரிப்பதற்குரிய விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நுண்ணோக்கியின் காலத்தில் 'கண்ணுக்குத் தெரிவது' என்றால் எது என்று ஒரு சமூகம் உட்கார்ந்து நேர்மையாக வாதாடியிருக்கிறது.

வெள்ளி, காபியும் என் டவரும்

காலையில் பெரியவருக்கு நான் கொண்டுவந்த பரிசைக் கொடுத்தேன், எங்கள் மலைத் தேயிலை ஒரு பொட்டலம், ஏலக்காய் இஞ்சி மணம் சேர்த்த டீ ஒரு பொட்டலம். முதலாவதை மோந்து பார்த்துவிட்டு சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், பண்டிகை முடிந்ததும் போட்டுக் குடிப்பேன் என்றார். இரண்டாவதை அன்போடு திருப்பிக் கொடுத்தார். வெறும் இலைக்கு வருஷத்தில் மற்ற நாட்களில் முத்திரையே வேண்டாம். மணம் சேர்த்ததற்கு வேண்டும். வறுத்து அரைத்த வெறும் காபிக்கும் இதே கணக்கு. அவரே ஊர் சுற்றும்போது சாதாரணக் கடையில் காகிதக் கோப்பையில் பால் சேர்க்காத காபி வாங்கிக் குடித்திருக்கிறார், கடையில் பாத்திரங்களை எதோடு சேர்த்துக் கழுவுகிறார்கள் என்ற கவலையால் அதைக்கூட விட்டுவிட்டவர்களும் உண்டு என்றார்.

காபி என்றதும் அவர் வீட்டு அலமாரியில் ஒரு கட்டு மேக்ஸ்வெல் ஹவுஸ் ஹகாதா இருப்பதைக் காட்டினார். பெசாக் முதல் இரவு விருந்தில் எகிப்திலிருந்து புறப்பட்ட கதையை வாசிக்கிற புத்தகம்தான் ஹகாதா. காபி 'பீன்' என்றதால் அதுவும் பயறு வகை என்று நினைத்து அஷ்கெனாசி வீடுகளில் பண்டிகைக்கு ஒதுக்கி வைத்தார்கள். 1920-களில் ஒரு விளம்பரக்காரர் ரப்பி ஒருவரிடம் கேட்டு, காபிக் கொட்டை ஒரு பழத்தின் விதை, பயறு இல்லை என்று உறுதி செய்ய வைத்தார். 1932-லிருந்து அந்த காபி கம்பெனி கடைகளில் இலவசமாக ஹகாதா கொடுக்கிறது. வெள்ளை மாளிகையில் ஒபாமா நடத்திய பெசாக் விருந்திலும் இதே புத்தகம்தான்.

இப்போது எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். ஒரு குளிர்பான பாட்டிலைத் திருப்பிப் படித்தால் 'இயற்கை மணமூட்டி' என்று இரண்டு வார்த்தை இருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு மேல் பிரித்து எழுத வேண்டியதில்லை. அந்த இரண்டு வார்த்தைக்குள் பத்து, ஐம்பது பொருள்கூட இருக்கலாம். கரைப்பானாக ஆல்கஹால், அது தானியமா, கரும்பா, திராட்சையா? கிளிசரின், அது எண்ணெயா, கொழுப்பா? பழவாசனைக்குச் சேர்க்கிற கோன்யாக் எண்ணெய் ஒயின் வண்டலிலிருந்து வருகிறது. சிவப்பு நிறத்துக்குப் போடும் கார்மைன் ஒரு பூச்சியை உலர்த்தி எடுப்பது. காம்பாரி என்ற இத்தாலிய மதுவே 2006 வரை அந்த நிறத்தைத்தான் பயன்படுத்தியது. ஆப்பிள் ஜூஸ், மாம்பழ ஜூஸ் என்று எழுதியிருப்பதில் இனிப்புக்கு வெள்ளைத் திராட்சைச் சாற்றைக் கலப்பார்கள், அது யூதச் சட்டத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாளைக்குப் பாருங்கள். இதையெல்லாம் லேபிளைப் படித்து எந்த வீட்டுக்காரரும் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பில் உதவிக்குப் பயன்படுத்திவிட்டு நீக்குகிற பொருட்கள் லேபிளுக்கே வருவதில்லை.

இதற்கு மேல் இயந்திரம். எங்கள் ஆலையில் டீயைக் கொதிக்கவைத்து, கெட்டியாக்கி, உயரமான ஸ்ப்ரே டிரையர் டவரில் மேலிருந்து தூவி, சூடான காற்றில் தூளாக்குகிறோம். இலையும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அதே மாதிரி டவரில் வேறு ஆலைகள் பால் பவுடர் அடிக்கும், சில இடங்களில் இறைச்சிச் சாறுகூட அடிக்கும். சூட்டில் இரும்புச் சுவர் ருசியை உள்ளே வாங்கிக்கொள்ளும், அடுத்த சரக்கில் விடும் என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை. டவரை மாற்ற வேண்டுமென்றால் 24 மணி நேரம் சும்மா போட்டுவைத்து, பிறகு கொதிநீராலோ கடும் சூட்டாலோ சுத்தப்படுத்த வேண்டும், மேற்பார்வையாளர் கூடவே நிற்பார். ஆக, ஒரே தோட்டத்து இலை, சாக்கில் தூளாகப் போனால் முத்திரை வேண்டாம், டவர் வழியாக இன்ஸ்டன்ட் டீயாகப் போனால் வேண்டும். பல வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்தாலும் காரணத்தை அவர் வாயால் கேட்டபிறகுதான் எனக்கு முழுதாக ஒட்டியது.

என் முடிவை இங்கேயே எழுதிவிடுகிறேன். மணம் சேர்க்கிற இடத்திலும், எதெதற்கோ ஓடுகிற பொது இயந்திரத்திலும் தேவை தொடங்குகிறது, அங்கே அது உண்மையான தேவை. அதற்கு இந்தப் பக்கம் முத்திரை வெறும் வியாபாரம். பானையும் அடுப்பும் வீட்டில் இருந்தவரை ஒரு யூதப் பாட்டிக்குத் தன் பானத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். அந்த அறிவை ஆலை பறித்துக்கொண்டது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் முத்திரை வந்தது, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டிக்கு இன்றும் தெரிந்திருக்கக்கூடிய விஷயங்களில்கூட முத்திரையைத் தேடவைத்தால் அவளிடம் மிச்சமிருக்கும் அறிவும் போய்விடும்.

மாலை நான்கு மணிக்கே கடைகள் மூட ஆரம்பித்துவிட்டன. ஷபத் வருகிறது, வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே அறை எடுத்திருப்பதால் நாளை மதியச் சாப்பாட்டுக்கு நடந்தே போகலாம்.

சனி, ஒயின்
(இரவு, ஷபத் முடிந்தபிறகு எழுதியது)

மேஜையில் பதினைந்து பேர். பெரியவர் கோப்பையை உயர்த்தி ஆசீர்வாதம் சொன்னார், பெரியவர்களுக்கு ஒயின், பிள்ளைகளுக்கு கெடெம் திராட்சைச் சாறு. பிறகு பாட்டிலை என் பக்கம் தள்ளி, பக்கத்தில் இருப்பவருக்கு நீங்களே ஊற்றுங்கள் என்றார். ஊற்றினேன். அப்போது அவருடைய மருமகன், இது மெவுஷால் என்று எனக்கு விளக்கத் தொடங்கினார், மேஜை கொஞ்சம் அமைதியானது.

விஷயம் இதுதான். திராட்சையிலிருந்து வருகிற ஒயினும் சாறும் மட்டும் யூதச் சட்டத்தில் தனிச் சாதி. முறையாகத் தயாரித்து, உள்ளே ஒரு ஆகாத பொருளும் இல்லாமல் இருந்தாலும், சீல் உடைந்த பிறகு யூதர் அல்லாத ஒருவர் எடுத்து ஊற்றினால் அது குடிக்கத் தகாததாகிவிடும். ஷபத் அனுசரிக்காத யூதரே தொட்டாலும் அப்படித்தான் என்று கடைப்பிடிப்பவர்களும் நிறையப் பேர். காய்ச்சிய ஒயினுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. அதுதான் மெவுஷால். மிஷ்னாவை விரித்துப் பேசும் பழைய நூலான தால்முதிலேயே ஷ்முவேல் என்ற அறிஞர் அப்லெத் என்ற வேற்று மத நண்பரோடு உட்கார்ந்து காய்ச்சிய ஒயின் குடித்த செய்தி இருக்கிறது. எவ்வளவு சூடு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஃபைன்ஸ்டைன் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் போதும் என்றார். இன்று ஆலைகளில் சில நொடிகளில் சூடாக்கி உடனே குளிரவைத்து விடுகிறார்கள்.

ஏன் இந்த விதி என்று நேராகவே கேட்டேன். பெரியவர் மழுப்பவில்லை. இரண்டு காரணம். பழைய காலத்தில் ஒயினை விக்கிரகங்களுக்கு வார்த்துப் படைத்தார்கள், அப்படிப் படைத்தது எந்த விதத்திலும் ஆகாது. மற்றது, சேர்ந்து குடித்தால் நெருக்கம் வரும், நெருக்கம் கல்யாணத்தில் முடியும், சின்னச் சமூகம் கரைந்துபோகும். நான் வீட்டில் முருகனுக்குப் பாலும் தேனும் வைத்துக் கும்பிடுகிறவன், முதல் காரணம் எனக்குப் பழங்கதை இல்லை, என்னைப் பற்றியே சொல்வது. தமிழ்நாட்டில் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை அறிந்த எவருக்கும், கை பட்டால் பானம் ஆகாது என்ற வார்த்தை சும்மா காதில் விழாது. அதையும் சொன்னேன்.

அவர் நிறைய நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். உங்கள் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பேன், பீர் வாங்கிக் குடிப்பேன், உங்கள் தேயிலையை வாங்கிக்கொண்டேன், ஒரே மேஜையில் ஒரே மாதிரிக் கோப்பையில் குடிக்கிறோம், உங்கள் உடம்பில் தீட்டு என்று எங்கள் சட்டம் சொல்லவில்லை, நாங்கள் காக்கப் பார்ப்பது எங்கள் வீட்டை என்றார். நான் அதை ஏற்கிறேன். சாதி ஒருவனைக் கீழே வைக்கிறது, இது அப்படி வைக்கவில்லை. இருந்தாலும் மெவுஷால் இல்லாத பாட்டில் அன்று மேஜையில் இருந்திருந்தால், என் கையை விலக்கச் சொல்லியிருந்தால், எனக்கு வலித்திருக்கும். அந்த வலி அவர்களுக்கும் தெரிந்ததால்தான் விருந்துக்கூடங்களிலும் உணவகங்களிலும் மெவுஷால் இவ்வளவு பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆக, திராட்சை விஷயத்தில் முத்திரை வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. அது பொருளைப் பற்றியது மட்டும் அல்ல, யார் கைகள் என்பதைப் பற்றியது, எந்த லேபிளும் அதைச் சொல்லாது.

சாப்பாட்டுக்குப் பிறகு டீ. ஷபத்தில் சமைக்கக் கூடாது, கொதிநீரை நேரே இலையில் ஊற்றினால் அதுவும் சமையல். அதனால் வெள்ளிக்கிழமையே கெட்டி டிக்காஷன் இறக்கி வைத்துவிடுகிறார்கள். முந்தின நாளிலிருந்து சூடாகவே நிற்கும் அண்டாவிலிருந்து வெந்நீரைக் கோப்பையில் பிடித்து அதில் டிக்காஷனைச் சேர்க்கிறார்கள். நன்றாகவே இருந்தது.

ஞாயிறு, பீரும் விஸ்கியும்

இன்று வேகமாக எழுதுகிறேன், வீடு முழுக்கப் பெருக்கல் துடைப்பு, எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்கள்.

தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் மட்டும் உள்ள சாதாரண பீருக்கு, வருஷத்தின் மற்ற நாட்களில், முத்திரை தேவையில்லை என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட வழக்கம். பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற பசையைப் போடுவார்கள், ஆகாத மீனாகவும் இருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் பிராக் நகரத்து ரப்பி யெஹெஸ்கேல் லாண்டாவ் இப்படித் தெளியவைத்த பானத்தை அனுமதித்துவிட்டார். உலர்ந்த பசை, ருசிக்காகப் போடுவதில்லை, அடியில் படிந்து வெளியேறுகிறது. ஆனால் இப்போது சிறு மதுவடிப்பகங்கள் பீரில் பழம், பால் சர்க்கரை, சிப்பிகூடச் சேர்க்கின்றன. அதனால் 'பீர் என்றால் போதும்' என்ற பழைய பட்டியல் சுருங்கிக்கொண்டே போகிறது. விஸ்கியில் தகராறு பீப்பாயைப் பற்றி. ஷெர்ரி ஒயின் ஊறிய மரப்பீப்பாயில் பழுக்கவைத்தால் அந்த ஒயின் கணக்கில் வருமா வராதா என்று இன்றும் இரண்டு அணி. பெரியவர் குடிக்காத அணி.

பண்டிகைக்கு இவை எல்லாமே ஹாமேட்ஸ். ஊற்றிவிடலாம், இல்லாவிட்டால் விற்க வேண்டும். மாலையில் அவருடைய ஜெப ஆலயத்துக்குப் போனேன், வரிசையில் நின்று ஆட்கள் ரப்பிக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் பூட்டி வைத்த விஸ்கி முதலானவற்றை அவர் எல்லார் சார்பிலும் யூதர் அல்லாத ஒருவருக்கு முறையான ஒப்பந்தம் எழுதி, முன்பணம் வாங்கி விற்றுவிடுவார், பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்குவார். விற்பனை உண்மையானது, வாங்கியவர் மீதிப் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ள நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். யூதர் கையில் பண்டிகை முழுக்க இருந்த ஹாமேட்ஸைப் பிறகும் குடிக்கக் கூடாது என்பதால், பண்டிகைக்குப் பின் எந்தக் கடையில் பீர் வாங்கலாம், அந்தக் கடையின், மொத்த வியாபாரியின் முதலாளி யார் என்றுகூடப் பட்டியல் ஒட்டுகிறார்கள்.

இரவு பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்தியோடு மூலை மூலையாக ரொட்டித்துணுக்கு தேடினார்கள்.

திங்கள், கிளம்பும் நாள்

காலையில் தெருமுனைகளில் தீயணைப்புத் துறை அனுமதியோடு இரும்புத் தொட்டிகளில் நெருப்பு, மிச்ச ஹாமேட்ஸை ஆளாளுக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள். வெயிலும் புகையும், எனக்குத் தாகம். பெட்டிக்கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் வட்டத்துக்குள் யூ என்ற ஆங்கில எழுத்து, நியூயார்க்கில் 1898-ல் தொடங்கிய ஆர்த்தடாக்ஸ் யூனியனின் முத்திரை. வெறும் தண்ணீருக்கு எதற்கு என்று கேட்டேன்.

தேவையில்லை, என்றார் பெரியவர். கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியிருக்கிறது, பக்கத்து பாட்டிலில் இருந்தால் தன் பாட்டிலிலும் இருக்க வேண்டும், கடைக்காரருக்கும் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். மேற்பார்வை அமைப்பு தப்பாக எதுவும் செய்யவில்லை, தண்ணீர் கோஷர் என்பது உண்மைதானே. ஆனால் என் பேத்தி முத்திரை இல்லாத தண்ணீரைக் குடிக்க யோசிக்கிறாள், அது எனக்குக் கவலை என்றார். நாற்பது வருஷம் முத்திரை கொடுக்கிற வேலை பார்த்தவர் இதைச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். கோஷரைக் குறிக்கும் வெறும் 'கே' என்ற ஆங்கில எழுத்தை யாரும் தனக்கு மட்டும் என்று பதிவு செய்ய முடியாது, அதனால் எவரும் அச்சடித்துவிடலாம், அந்த எழுத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டும். எந்த எழுத்தும் இல்லாததால் ஒரு பொருள் ஆகாது என்று நினைப்பதும், எழுத்து இருப்பதால் மட்டும் சரி என்று நினைப்பதும் அவருக்கு ஒன்றுதான். பேத்தியைக் கூப்பிட்டு என் எதிரிலேயே தேயிலைப் பொட்டலத்தைக் காட்டி, இதில் முத்திரை இல்லை, ஆனால் எடுத்து வைத்திருக்கிறேன், ஏன் என்று சொல் பார்க்கலாம் என்று கேட்டார். அவள் பதில் யோசிக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

விமான நிலையத்தில் உட்கார்ந்து ஆலைக்கு மெயில் எழுதினேன். ஒரு வாடிக்கையாளர் போன மாதம் சாக்கில் போகிற வெறும் இலைத்தூளுக்கும் கோஷர் சான்றிதழ் கேட்டிருந்தார், அது தேவையில்லை, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன், அவர்களுடைய ரப்பியிடமே காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்ஸ்டன்ட் டீக்கும் ஏலக்காய் டீக்கும் வழக்கம்போல் புதுப்பிக்க வேண்டும். புதிய ரப்பி ஜூனில் வருகிறார், அதற்கு முந்தின நாளே டவரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏலக்காய் மணம் சப்ளை செய்பவரிடம் ஆல்கஹால் எதிலிருந்து எடுத்தது என்று எழுத்தில் வாங்க வேண்டும், அது இன்னும் வரவில்லை.